சிப்பம்

காங்கயத்து ஆலையில் எனக்கு
கலர் சார்ட்டர் மெசினில் வேலை.
பொன்னி வெள்ளமாய் இறங்கும்போது
பழுப்பாய் ஒரே ஒரு மணி வந்தாலும்
கண்டுபிடித்துக்
காற்றால் ஊதித் தள்ளிவிடும் அது.

பொழுதோட வீடு திரும்பினால்
வாசலில் என்னைத் தள்ளி நிறுத்துவாள் கோகிலவாணி.
தண்ணித்தொட்டியில் தலை நனைத்து,
காதுமடலில் ஒளிந்த தவிட்டைக் கழுவி,
வேறு வேட்டி கட்டிய பிறகுதான்
சஷ்டிகாவைத் தொடலாம்.

கோயமுத்தூர் டாக்டர் முதலில்
கோதுமையை மட்டும் அடித்தார்.
வயிறு அடங்கவில்லை.
அப்புறம் அரிசி, ராகி, கம்பு, சோளம், தினை என்று
ஒரே பேனாவால் எங்கள் காட்டையே அடித்தார்.
ஒரு வருசத்துக்கு, என்றார்.
ஆலைக்காரன் என்று நான் சொல்லவில்லை.
துண்டில் ஒட்டியிருந்த உமி சொல்லியிருக்கும்.

புள்ளைக்கு மட்டும் தனி வட்டல் வைக்க மனசில்லை.
மூணு பேருக்கும் ஒரே அடுப்பு.
சீரில் வந்த கிரைண்டரில்
இப்போது சின்ன வெங்காயம் கிடக்கிறது.

ஒருநாள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப்
பொடி எழுத்தை வாசித்தாள்.
கோதுமை மாவு.
பெருங்காயத்துக்குள்.
டாக்டர் சொன்னபோதுகூட அழாதவள்
அந்தச் சிட்டிகைப் பொடிக்கு அழுதாள்.
பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு
கொள்ளு ரசத்தில் பத்துப் பல் பூண்டைத் தட்டிப் போட்டாள்.

மரவள்ளியைத் துருவித் துணியில் முறுக்கிப் பிழிந்து
சந்தகைக் குழலில் அழுத்தினோம்.
நூலாய் வரவேண்டியது
மழைக்கு மறுநாள் மண்புழுவாய் வந்தது.
தேங்காய்ப்பால் ஊற்றி
"புழுவுக்கு நீச்சல்" என்று தின்றாள் சஷ்டிகா.
காலிபிளவரைத் துருவி ஒரு அரிசிம்பருப்பு.
கண்ணை மூடினால் அரிசிம்பருப்பு,
திறந்தால் பூ.
மூடிக்கொண்டே உண்கிறேன்.

"சோறுண்டாச்சுங்களா?"
"ஆச்சுங்."
கத்தாழைக்குள் இருப்பதற்கும்
சோறு என்றுதானே பேர். பொய்யில்லை.

மாசம் பிறந்தால் சம்பளத்தோடு
ஒரு சிப்பம் அரிசி தருவார்கள் ஆலையில்.
வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள்.
ஏன் என்று சொன்னால்
எலிவேட்டர் சத்தத்தையும் மீறிச் சிரிப்பார்கள்.
தோளில் போட்டுக்கொண்டுபோய்
பாய்லர் பார்க்கும் லல்லன் அறையில் இறக்கினேன்.
பீகார்ப் பசங்கள் ஆறு பேர் படுக்கும் அறை.
காசு நீட்டினான். வாங்கவில்லை.

நாலாம் மாசம் ஒரு டப்பாவை நீட்டினான்.
கொண்டக்கடலையை வறுத்து அவனே இடித்த மாவு.
பேரென்னடா என்றேன். சத்து என்றான்.
தமிழ் பழகிவிட்டான் என்று நினைத்தேன்.
இல்லை, அவங்க ஊரிலும் அதற்குச் சத்துதானாம்.
வீட்டு விசயத்தை நான் சொன்னதேயில்லை.
மத்தியானம் என் தூக்குப்போசியைப் பார்த்திருக்கிறான்,
நாலு மாசமாய்.

அவள் டப்பாவைத் திறக்கவில்லை.
போன் போடச் சொன்னாள்.
எதில் வறுத்தாய், எதில் இடித்தாய்,
அதே கையால் சப்பாத்தி தட்டினாயா,
பார்லி கலப்பீர்களாமே, கலந்தாயா?
போலீஸ்காரி தோற்றாள்.
அந்தப் பக்கம் பாதித் தமிழ்:
"இல்லக்கா. புது சட்டிக்கா.
புது உரல்க்கா. பாப்பாக்குன்னு வாங்குச்சிக்கா."
புதுச் சட்டியில் கொஞ்சம் இளகினாள்.
உரல் என்றதும்
அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி அடை.
வெங்காயம், பச்சமிளகாய், தேங்காய்ச் சில்லு,
ஓரம் முறுகலாய்.
நாலு தின்றாள் புள்ளை.
அஞ்சாவதற்கு நானும் அவளும் சண்டை போட்டோம்.

இன்றைக்குக் காலையில்
என் பேண்ட் மடிப்பிலிருந்து
ஒரு அரிசியை எடுத்தாள் சஷ்டிகா.
நகத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.
"நல்ல அரிசிதானுங்கப்பா?"
"நல்ல அரிசிதான் கண்ணு."
சித்தெ யோசித்தாள்.
ப்பூ என்று ஊதினாள்.
வாசலில் எங்கேயோ விழுந்தது.
கோழி பார்த்துக்கொண்டது.